முதுகு திறந்த கிட்டார்: பெற்றோருக்கு ஒரு மடல்

மின்கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,



வீட்டில் இருக்கும் கிட்டாரைத் திருப்பிப் பார்த்துவிட்டீர்கள். முதுகில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. உள்ளே மூன்று ஸ்பிரிங், ஒரு உலோகக் கட்டை, எங்கிருந்தோ வந்து ஒரு தகட்டில் பற்றவைத்த ஒற்றை ஒயர். கடையில் பணம் கட்டும்போது அந்த இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது உங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. "என்னடா இது, வாங்கி ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள பிரிச்சுப் போட்டுட்ட?" என்று கேட்டிருப்பீர்கள். "அது அப்படித்தான்ப்பா இருக்கும்" என்று பதில் வந்திருக்கும். அந்தப் பதில் உங்களுக்குப் போதவில்லை. போதாதுதான். தாங்கள் சரியாகச் செய்யும் காரியத்துக்குக்கூட ஒழுங்காகக் காரணம் சொல்லப் பிள்ளைகள் மெனக்கெடுவதில்லை.

கிட்டாருக்குக் கம்பி மாற்றுவது, பிரிட்ஜைச் சரிசெய்வது, சுருதி நிற்க வைப்பது, இவைதான் என் பிழைப்பு. பிள்ளையையும் கிட்டாரையும் ஒருசேர அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர் பலர், பையின் ஜிப்பைத் திறந்ததும் முதலில் காட்டுவது அந்தக் குழியைத்தான். "உடைச்சுட்டான் சார்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். அந்த மூடியைக் கழற்றி வைப்பது உங்கள் பிள்ளை கண்டுபிடித்த வழக்கமல்ல. உலகம் முழுக்க வாசிப்பவர்கள் பல தலைமுறையாகச் செய்து வருவது. பெரும்பாலும் அதற்கு நியாயமான காரணம் உண்டு. உங்கள் கவலை வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். அதையும் பிறகு சொல்கிறேன்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். முன்புறம் கம்பிகள் வந்து முடிகிற உலோகப் பகுதிக்குப் பெயர் பிரிட்ஜ். அதில் வளைந்த தண்டு ஒன்று செருகியிருந்தால், அல்லது செருகுவதற்கு ஒரு துளை இருந்தால், அது ஸ்ட்ராட்டோகாஸ்டராகவோ அதைப் பார்த்துச் செய்ததாகவோ இருக்கும். வாசிப்பவர்கள் ஸ்ட்ராட் என்பார்கள். புதிதாகக் கற்பவர்களுக்குக் கடைகளில் கைகாட்டப்படும் மலிவு விலை மின்கிட்டார்களில் பெரும்பகுதி இந்த வார்ப்புதான். இந்த மடலும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். தண்டு வைக்காத கிட்டாரின் முதுகிலும் மூடி இருக்கலாம். அந்தக் கதை வேறு; கடைசியில் வருகிறேன்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஃபெண்டர் நிறுவனம் 1954-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஊர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன். நிறுவனர் லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கணக்குப்பதிவு படித்தவர்; 1938-ல் அந்த ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். செய்தவர் ரேடியோ ரிப்பேர்க்காரர் என்பது அந்தக் கிட்டாரின் உடம்பு முழுக்கத் தெரியும். கழுத்தை உடலோடு ஒட்டவில்லை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், வால்யூம், டோன் எல்லாம் முன்பக்கத்து பிளாஸ்டிக் தகட்டிலேயே தொங்குகின்றன. தகட்டைத் தூக்கினால் மின்வேலை மொத்தமும் வெளியே வந்துவிடும். கருவி ஒருநாள் கெடும், அன்றைக்கு யாரோ ஒருவர் அதைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று முதலிலேயே நினைத்தவரின் வேலை இது. அதைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையை அவர் கடிந்துகொண்டிருக்க மாட்டார்.

வாசிக்கிறவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது லியோவின் இன்னொரு நல்ல குணம். ஃபெண்டரின் முந்தைய கிட்டாரான டெலிகாஸ்டரின் கூரான விளிம்பு விலாவில் குத்துகிறது என்று முறையிட்டவர்களில் பில் கார்சன் ஒருவர். அதனால்தான் ஸ்ட்ராட்டின் முதுகு வயிற்றுக்கு இசைவாகச் செதுக்கப்பட்டது. உடலின் வடிவத்தை வரைந்ததில் பெரும்பங்கு ஹவாய்க்காரரான ஃப்ரெட்டி டவாரஸுக்கு. அவர் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். ஸ்டீல் கிட்டாரில் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு இறங்கும், ஏறும், நடுங்கும். அந்த வழுக்கலைச் சாதாரண கிட்டாருக்கும் கொண்டுவரத்தான் பிரிட்ஜில் அந்தத் தண்டு. தண்டை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

இந்த ஏற்பாடு முதல் முயற்சியில் வாய்க்கவில்லை. 1953-ல் செய்த ஒரு வடிவத்தில் கம்பியின் நாதம் சீக்கிரமே அடங்கிப்போனது. அதற்காகச் செய்த அச்சுகளோடு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்கள். இரண்டாவது வடிவத்தில் பிரிட்ஜுக்கு அடியில் கனமான உருக்குக் கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். நாதம் நின்றது. லியோ 1954 ஆகஸ்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1956 ஏப்ரலில் கிடைத்தது. நீங்கள் குழிக்குள் பார்த்த கட்டை அதுதான். அது ஆடுவதற்கு இடம் வேண்டும். அதற்காக உடலை முன்னிருந்து பின்வரை குடைந்தார்கள். குடைந்த இடம் தெரியாமல் இருக்க பிளாஸ்டிக் மூடி போட்டார்கள்.

அப்போதே தண்டு இல்லாத ஸ்ட்ராட்டும் விற்றது. தண்டு வைத்தது 249.50 டாலர், வைக்காதது 20 டாலர் குறைவு. வைக்காததற்கு முதுகில் ஸ்பிரிங் இல்லை, குழி இல்லை, மூடியும் இல்லை. உங்கள் கவலைக்கு அன்றைய விலை 20 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தக் குழிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மூடி ஏன் வெளியே இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் மரத்தோடு இறுக்கிக் கட்டியதல்ல. முன்விளிம்பில் ஆறு ஸ்க்ரூ இருக்கும், புதிய மாடல்களில் இரண்டு. அந்த விளிம்பை ஊன்றிக்கொண்டு பின்புறம் எழும்பித் தாழும். ஆறு கம்பிகளும் சேர்ந்து பிரிட்ஜை முன்னால் இழுக்கின்றன. முதுகுக் குழியில் உள்ள ஸ்பிரிங்குகள் கட்டையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்து இழுக்கின்றன. இது தராசு. ஒரு தட்டில் கம்பிகள், மறு தட்டில் ஸ்பிரிங்குகள். இரண்டும் சமமாக நிற்கும் இடத்தில்தான் சுருதி நிற்கும். ஒரு தட்டில் கொஞ்சம் எடை கூடினாலும் குறைந்தாலும் ஆறு கம்பிகளின் சுருதியும் ஒரே நேரத்தில் கலையும்.

இதில் எவ்வளவு எடை இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடைக்காரர் 'ஒன்பது' என்று சொல்லும் மெல்லிய செட்டில், அதாவது முதல் கம்பி 0.009 அங்குலம் தடிமன் உள்ள செட்டில், ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசை சுமார் 38 கிலோ. 'பத்து' என்கிற அடுத்த செட்டில் அது ஏறக்குறைய 46 கிலோ. முதல் கம்பியின் தடிமனில் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இழுவிசையிலோ எட்டு கிலோ. உங்கள் மகள் போன மாதம் ஒன்பதிலிருந்து பத்துக்கு மாறியிருந்தால், அந்த எட்டு கிலோவுக்கு ஈடுகட்ட முதுகுப் பக்கத்தில் ஏதாவது செய்தாக வேண்டும். இல்லையென்றால் பிரிட்ஜின் பின்புறம் தூக்கிக்கொள்ளும், கம்பிகள் கழுத்திலிருந்து உயரும், அழுத்தும் விரல் வலிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்பிரிங்குகளின் மறுமுனை ஒரு கொக்கித் தகட்டில் மாட்டியிருக்கிறது. அதை 'கிளா' என்பார்கள். இரண்டு நீளமான ஸ்க்ரூக்கள் அந்தத் தகட்டை மரத்தோடு பிடித்திருக்கின்றன. அவற்றை அரைச் சுற்று முறுக்கு. திருப்பி, ஆறு கம்பிகளையும் சுருதி சேர். ஆறாவது கம்பியை முடிக்கும்போது முதல் கம்பி இறங்கியிருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு கம்பியை இறுக்கும்போதும் பிரிட்ஜ் கொஞ்சம் எழும்பி மற்றவற்றைத் தளர்த்துகிறது. மறுபடி முதலிலிருந்து. எல்லாம் சேர்ந்த பிறகு பிரிட்ஜின் உயரத்தைப் பார். பழைய வகை பிரிட்ஜுக்கு, பின்புறம் மரத்திலிருந்து எட்டில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 3.2 மில்லிமீட்டர் எழும்பியிருக்க வேண்டும் என்பது ஃபெண்டர் சொல்லும் அளவு. கூடுதலாக எழும்பியிருந்தால் கவிழ்த்துப் போட்டு மறுபடி கால் சுற்று. மறுபடி ஆறு கம்பி. பொறுமை உள்ளவர்களுக்கே இது மாலைப்பொழுதை விழுங்கும். ஒவ்வொரு முறையும் ஆறு சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியை எடுத்து, கால் சுற்று முறுக்கி, மூடியை வைத்து, ஆறு ஸ்க்ரூவைப் பூட்டு என்றால் யார் செய்வார்? மூடி மேசை மேல் கிடக்கும். வேலை முடிந்த பிறகும் அங்கேயே கிடக்கும், அடுத்த வாரம் மறுபடி தேவைப்படும் என்பதால்.

தேவைப்படவும் செய்யும். வேறொரு தடிமன் கம்பியைப் போட்டால், பாட்டுக்காக எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கினால், மிகத் தடித்த கம்பியை மட்டும் ஒரு ஸ்வரம் இறக்கினால், ஐப்பசி மழையில் மரம் ஊறினால், எல்லாவற்றுக்கும் தராசு அசையும். கிட்டார் கலைஞர்களில் ஸ்டீவி ரே வான் 0.013-ல் தொடங்கும் தடித்த கம்பிகளைப் போட்டு, அரை ஸ்வரம் இறக்கி வைத்து வாசித்தவர். அவ்வளவு இழுப்பை மூன்று ஸ்பிரிங் தாங்காது. குழியில் ஐந்துக்கும் இடம் இருக்கிறது, ஐந்தையும் மாட்டினார். எரிக் கிளாப்டன் வேறு வழிக்குப் போனார்: ஐந்து ஸ்பிரிங்கும் மாட்டி, கட்டை அசையாதபடி குழிக்குள் மரத்துண்டைச் செருகிவிட்டார். தண்டே வேண்டாம் என்கிற கட்சி அது. கிட்டாரின் குணத்தைத் தீர்மானிக்கும் வேலையில் பாதி, வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் குழியில்தான் நடக்கிறது. பார்வையாளர்கள் அதைப் பார்ப்பதேயில்லை.

சரி, செட்டப் செய்பவர்களுக்கு அது பொருந்தும். என் பையன் கம்பி மட்டும்தானே மாற்றுகிறான் என்பீர்கள். கம்பி மாற்றுவதில்தான் மூடியின் மேல் உண்மையான கோபம் வருகிறது.

ஸ்ட்ராட்டில் கம்பியைப் பின்னாலிருந்து கோர்க்க வேண்டும். கம்பியின் ஒரு முனையில் சின்னப் பித்தளை உருளை இருக்கும். மறுமுனையைக் கட்டையின் அடித்துளையில் நுழைத்து மேலே எடுத்தால், உருளை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மூடியோடு இருந்தாலும் கோர்க்கலாம் என்பதற்காக மூடியிலும் ஆறு ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். மூடியின் ஓட்டை மரத்தோடு நிலையாக நிற்கிறது. கட்டையின் ஓட்டையோ நகரும். பிரிட்ஜின் பின்புறம் 3 மில்லிமீட்டர் எழும்பினால், அடியில் தொங்கும் கட்டையின் நுனியும் ஏறக்குறைய அதே அளவு பின்னால் தள்ளிப்போகிறது. அப்போது மூடியின் ஓட்டைக்கு நேரே கட்டையின் ஓட்டை இருக்காது, உலோகம்தான் இருக்கும். கம்பி முட்டி மடங்கும். ஒருவழியாக நுழைத்தாலும் பித்தளை உருளை மூடிக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கும். சிக்கினதை எடுக்க மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இந்தக் குறையை ஃபெண்டர்காரர்களே சீக்கிரம் உணர்ந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1954-ன் முதல் மூடிகளில் ஆறு ஓட்டைகளும் வட்டமாக இருந்தன. அடுத்த ஆண்டே அவை நீள்வட்டமாகிவிட்டன. பிற்காலத்தில் பல மாடல்களில் ஆறு ஓட்டைகளையும் சேர்த்து ஒரே செவ்வகத் திறப்பாக வெட்டிவிட்டார்கள். திறப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போனவர்கள் கடைசிப் படியை மட்டும் எடுக்கவில்லை. வாசிப்பவர்கள் எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கிட்டாருக்கு முன்புறமும் ஒரு மூடி இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்கே தெரியாது. பிரிட்ஜின் மேல் கவிழ்த்து மாட்டும் குரோம் மூடி. பார்க்க அழகு. ஆனால் பிரிட்ஜ் மேல் உள்ளங்கையை வைத்துக் கம்பியை அடக்கி வாசிக்க விடாது. கழற்றிப் போட்டார்கள், சிகரெட் சாம்பல் தட்ட வைத்துக்கொண்டார்கள். 'ஆஷ்ட்ரே' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நாளடைவில் நிறுவனமே அதை விட்டுவிட்டது. பின்மூடி மட்டும் பெட்டியோடு இன்றும் வந்துகொண்டிருக்கிறது. கடைச் சுவரில் தொங்கும்போது அது வேண்டும்தான், நான் மறுக்கவில்லை.

மேடையில் கம்பி அறுவதையும் சொல்ல வேண்டும். இப்படி எழும்பி மிதக்கிற பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். ஒரு தட்டில் எடை குறைந்தது, ஸ்பிரிங்குகள் இழுத்துக்கொண்டன, அவ்வளவுதான். பாட்டு நடுவில் நிற்கும். பெரும்பாலும் பிரிட்ஜ் பக்கத்திலேயே அறும் என்பதால் உருளையும் குட்டைத் துண்டும் கட்டைக்குள்ளேயே இருக்கும். அதைப் பின்னாலிருந்து எடுத்தால்தான் புதுக் கம்பி போகும். கல்லூரிக் கலைவிழாவில், மங்கலான வெளிச்சத்தில், ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது ஆறு ஸ்க்ரூவைத் தேடிக் கழற்றும் அனுபவம் ஒருமுறை வாய்த்த பிள்ளை, மறுபடி அந்த மூடியைப் பூட்ட மாட்டாள்.

ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வரி. அவை சின்னவை, நேரே மரத்தில் இறங்குபவை. மலிவு கிட்டார்களின் மரம் மென்மையானது. பத்து முறை கழற்றி மாட்டினால் துளை தளர்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். தீக்குச்சி நுனியை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் அடைத்துக் காயவிட்டால் சரியாகிவிடும்; தச்சர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் அடிக்கடி கழற்றி மாட்டுவதைவிடக் கழற்றியே வைப்பது மரத்துக்கு நல்லது என்பதும் உண்மை.

உங்கள் பிள்ளை சொல்லக்கூடிய வேறு சில காரணங்களை நம்ப வேண்டாம். மூடியைக் கழற்றினால் டோன் திறந்துகொள்ளும், காற்று உள்ளே புகுந்து நாதம் பெருகும் என்பார்கள். மின்கிட்டாரின் ஒலி கம்பியின் அதிர்வை முன்புறத்து பிக்கப்பின் காந்தம் பிடிப்பதிலிருந்து வருகிறது. இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன் உள்ள பிளாஸ்டிக் தகடு பின்னால் இருப்பதையும் இல்லாததையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங்குகள் சில சமயம் கம்பியோடு சேர்ந்து தாமும் கிணுகிணுக்கும், அது நிஜம். அதை மூடி தடுக்காது, ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்தால் நிற்கும். இன்னொரு காரணம், வெளியே சொல்லாதது: பெரிய ஆட்கள் கிட்டாரில் மூடி இல்லை, நமக்கும் வேண்டாம். பதினேழு வயதில் அது போதுமான காரணம்தான், விட்டுவிடுங்கள். மூன்றாவது, இதுவும் நிறைய நடக்கிறது: ஒரு ஸ்க்ரூ கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது.

பிரித்த கிட்டாருக்கு மதிப்புப் போய்விடும் என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் 1970-ல் நியூயார்க்கில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டின் வாழ்க்கையைக் கேளுங்கள். கழுத்து மாறியது, பிக்கப் மாறியது, முன்தகடு வெள்ளையிலிருந்து கறுப்பானது. எண்பதுகளில் வேறொரு நிறுவனத்தின் பிரிட்ஜைப் பொருத்துவதற்காக மரத்தையே வெட்டினார்கள். பிற்பாடு அதை எடுத்துவிட்டுப் பழையபடி அடைத்தார்கள். 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 39,75,000 டாலருக்குப் போனது. பிரித்துச் சேர்த்ததில் கிளாப்டனின் 'பிளாக்கி' அதற்கும் மேல். மூன்று பழைய ஸ்ட்ராட்டுகளின் நல்ல பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்த கிட்டார் அது. 2004-ல் 9,59,500 டாலர். வாசித்தவர் யார் என்பதற்குக் கிடைத்த விலை அது, தெரியும். உங்கள் வீட்டுக் கிட்டாருக்கு அந்த ஆபத்து இப்போதைக்கு இல்லை. ஆனால் திறந்து மூடியதால் கெட்டுப்போகும் சாமான் இல்லை அது என்பது புரிந்தால் போதும்.

இப்போது நிஜமான கவலைக்கு வருகிறேன். குழிக்குள் பார்த்த அந்த ஒற்றை ஒயர்.

அம்மாக்கள் அதைத்தான் முதலில் காட்டுவார்கள்: "வயிற்றில் பட்டால் ஷாக் அடிக்காதா?" கேள்வி சரியானது, சந்தேகப்படும் இடம்தான் வேறு. அது எர்த் ஒயர். கிளாவில் பற்றவைத்திருப்பதால் ஸ்பிரிங், கட்டை, பிரிட்ஜ் வழியாக ஆறு கம்பிகளும் எர்த்தோடு சேர்ந்துவிடுகின்றன. வாசிப்பவர் கம்பியைத் தொட்டதும் ஆம்ப்ளிஃபயரின் 'ம்ம்' என்ற இரைச்சல் குறைவது அதனால்தான். கிட்டாருக்குள் உற்பத்தியாகும் மின்சாரம் மிக மிகச் சிறியது, யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த ஒயர் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு சேர்ந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்து, வீட்டில் எர்த்தும் சரியில்லாமல் இருந்தால், அந்தக் கசிவு நேராகக் கம்பிகளுக்கு வரும். பின்மூடியைப் பூட்டியிருந்தாலும் வரும், ஏனென்றால் பிள்ளையின் இரண்டு கையும் முன்புறத்துக் கம்பியின் மேல்தானே இருக்கிறது.

யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976-ல் தன் வீட்டில் மின்கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது, எர்த் சரியில்லாததால் மின்சாரம் தாக்கி இறந்தார். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மாண்டார். நம் ஊரில் மூன்று பின் பிளக்கின் தடித்த பின்னைப் பிடுங்கிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகும் வழக்கத்தை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆகவே இன்று மாலை நீங்கள் பார்க்க வேண்டியது ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை. மூன்று பின்னும் இருக்கிறதா? சொருகும் சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே இணைந்திருக்கிறதா? எலக்ட்ரீஷியன் டெஸ்ட் விளக்கு வைத்துச் சொல்லிவிடுவார். மெயின் போர்டில், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லுங்கள். கம்பியைத் தொடும்போது சுரீர் என்கிறது என்று பிள்ளை ஒருமுறை சொன்னால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். முதுகுத் திறப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூடி இருந்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. லெஸ் பால் வகைக் கிட்டாரின் முதுகில் இரண்டு மூடிகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஸ்பிரிங் கிடையாது, வால்யூம், டோன், சுவிட்ச் என்று பற்றவைத்த வேலைகள்தான். அதைத் திறந்து வைத்தால் தூசி புகுந்து குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும், ஒயர் சட்டையில் மாட்டி இழுபடும். 9 வோல்ட் பேட்டரி உள்ளே இருக்கும் கிட்டாரும் அப்படியே. இவற்றை உங்கள் பிள்ளை திறந்து போட்டிருந்தால் தாராளமாகத் திட்டலாம். ஸ்ட்ராட்டிலும், தண்டையே தொடாமல், ஸ்பிரிங்கை இறுக்கி பிரிட்ஜை மரத்தோடு படிய வைத்து வாசிப்பவருக்கு மூடியைக் கழற்ற அவசியம் இல்லை; ஓட்டைகள் நேருக்கு நேராகவே இருக்கும். ஆகவே சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்: "உன் பிரிட்ஜ் மிதக்குதா, படிஞ்சிருக்கா?" பதிலைவிட, நீங்கள் இதைக் கேட்கும்போது அந்த முகம் போகிற போக்கு பார்க்கத் தகுந்தது.

கடலோரத்து ஊர்களில், சென்னையோ தூத்துக்குடியோ, திறந்த குழியில் ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து, பைக்குள் வைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். சுவரில் மாட்டி வைக்கும் வீடுகளில் பல்லி முட்டை இடும். நான் பார்த்திருக்கிறேன், சிரிக்க வேண்டாம்.

கழற்றிய மூடியை எறிய விடாதீர்கள். ஒரு சின்ன ஜிப் கவரில் மூடியையும் ஆறு ஸ்க்ரூவையும் போட்டு, கிட்டார் பையின் முன்பக்கத்து அறையில் வைத்திருக்க வேண்டும். நாளை இதை விற்றுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கும்போது, வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி "பேக் பிளேட் இருக்கா?" என்பதுதான். இல்லையென்றால் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். கழற்றுவதற்கு உங்கள் பிள்ளைக்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்டு. தொலைப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஐந்து ஸ்க்ரூதான் இருக்கிறது என்றால் கட்டிலைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கிட்டார் ரிப்பேர்க்காரர் ஒருவர்